நெட்டை உறிஞ்சுவது யார்?

டிவியில் மேட்ச் கடைசி ஓவரில் நின்று சுற்ற ஆரம்பித்ததும் கணவர் கொதித்துப்போனார்.

“யாரோ நம்ம நெட்டை உறிஞ்சுறாங்க. யாருன்னு காட்டுற சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கான்னு பாரு. காசு கேட்டா வேண்டாம்.”

மனைவி தேடிப் பிடித்து, இலவசமாக ஒன்றை லேப்டாப்பில் இறக்கி ஓடவிட்டாள்.

“நம்ம டிவி, லேப்டாப் போக இன்னும் நாலு போன் இருக்குங்க.”

“வெக்கங்கெட்ட ஜென்மங்க. நாலையும் துரத்திவிடு.”

“எப்படித் துரத்துறது? நாலும் மாடி வீட்டுக்காரங்க போன். கனெக்‌ஷனே அவங்களோடதுதானே. ஒரே ஒரு நாளைக்குன்னு கேட்டு நீங்கதானே பாஸ்வேர்டு வாங்கிட்டு வந்தீங்க?”

கணவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். குரல் தானாகத் தாழ்ந்தது.

“இந்த சாஃப்ட்வேர் சும்மா கிடைக்குதுன்னு அவங்ககிட்ட மூச்சு விட்டுடாதே.”