சிங்கத்தின் மூக்கு

ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் தொப்பியில் பித்தளைச் சிங்கம் ஒன்று இருந்தது. அதன் முதுகில் இரண்டு வளையங்கள். அவற்றைத் தொப்பியின் ஓட்டைகளுக்குள் விட்டு, உள்பக்கமாக ஓர் ஊசியைக் கோத்துவிட்டால் சிங்கம் அசையாது.

தினமும் காலையில் சிப்பாய் ஊசியை உருவுவான். சிங்கத்தைக் கழற்றி, பாலிஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டுவான். சிங்கத்துக்கு அதில் கொள்ளை ஆசை.

ஒருநாள் ஊசி சொன்னது: "தம்பி, உன் மூக்கு தேய்ஞ்சு போச்சு. நாளைக்கு நான் வளையத்துக்குள்ளேயே இறுகிக்கிறேன். அவனால உருவ முடியாது. மூஞ்சிக்கு ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கும்."

"இருட்டுல கிடக்கிற உனக்கு என்ன தெரியும்? அணிவகுப்புல என்னைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் கண் கூசுது. நீ வழிவிடு, போதும்."

ஊசி வழிவிட்டது. மூக்குக்குப் பிறகு கண் போனது. அப்புறம் பிடரியும் போனது.

ஒரு காலை அணிவகுப்பில் அதிகாரி தொப்பியை உற்றுப் பார்த்தார். "என்னய்யா, தலையில தேக்கரண்டியை மாட்டிக்கிட்டு நிக்கிறே?"

அன்றே புதுச் சிங்கம் வந்தது. ஊசி மட்டும் பழையதுதான்.

"எனக்கு முன்னால இங்கே யாரு இருந்தா?" என்று புதுச் சிங்கம் கேட்டது.

"ஒரு சிங்கம். நல்லாப் பளபளன்னு இருப்பான்."

"இப்போ எங்கே?"

"ஓட்டை உடைசல் பித்தளையைப் போடுற பெட்டியில. மூஞ்சி இல்லை."

மறுநாள் காலை சிப்பாயின் விரல்கள் தொப்பிக்குள் நுழைந்து ஊசியைத் தேடின.

"அண்ணே," என்றது புதுச் சிங்கம், "இன்னிக்குக் கொஞ்சம் இறுகியே இருங்க."