எட்டாவது சிலைக்கு முகம்

"இன்னும் கண்ணு திறக்கலையே?"

மாமல்லபுரம் பட்டறைக்குள் மூச்சிரைக்க ஓடிவந்த அம்சா கேட்ட முதல் கேள்வியே அதுதான். உளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார் சிற்பி கிருபாகரன். எதிரே பஞ்சு மூட்டை சுமந்து நின்ற கருங்கல் ஆளுக்குக் கை, கால், வேட்டி மடிப்பு எல்லாம் முடிந்திருந்தது. முகம் மட்டும் வெறும் கல். எந்தச் சிலைக்கும் முகத்தைக் கடைசியில்தான் தொடுவார், கண்ணை அதற்கும் அப்புறம்தான் திறப்பார்.

"இல்லம்மா. இன்னா வேணும்?"

"என் வூட்டுக்காரர் முகத்தை வைங்க அண்ணாத்த. உங்க கால்ல வுழறேன்." சொன்னதோடு நிற்காமல் விழுந்தேவிட்டாள்.

செங்கல்பட்டில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மூடிய பொன்னம்பலம் நூல் மில்லின் ஞாபகமாக, ஏரிக்கரை ரோடு நெடுக எட்டுச் சிலை வைக்க ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டிருந்தார்கள். செலவு முழுக்க மில் முதலாளி ரவிச்சந்திரனுடையது. நூல் சுற்றும் பெண், பாய்லர்காரர் என்று ஏழு சிலைகள் போய் நின்றாயிற்று, எட்டாவது இது. யார் சாயலும் வேண்டாம், பொதுவாகத் தொழிலாளி மாதிரி இருந்தால் போதும் என்று கமிட்டியில் சொல்லியிருந்தார்கள்.

அம்சாவின் புருஷன் துரை, அந்த மில்லின் புளோ ரூமில் பத்தொன்பது வருஷம் பஞ்சு பேல்களை உடைத்துப் பிரித்தவன். அத்தனை வருஷத் தூசியும் இப்போது அவன் நெஞ்சுக்குள்ளே கிடந்தது.

"நாலு அடி வெச்சா மூச்சு நின்னு போவுது. படுக்க முடியாம உக்காந்துகினே கீறாரு. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில சேத்தா பொழைச்சுக்குவாருன்றாங்க. நாங்க எங்க போறது அண்ணாத்த?"

"மில்லுல கேட்டுப் பாக்கலையா?"

அம்சா கையிலிருந்த கல்யாண போட்டோவை அவர் மடியில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை திறப்பு விழாவுக்குள்ள முடிச்சிடுங்க. திங்கக்கிழமை வரைக்கும்தான் டைம்னு சொல்லிட்டாங்க."

கிருபாகரன் போட்டோவை எடுத்துப் பார்த்தார். டாக்டர்கள் நாள் குறித்துவிட்ட ஆளா? அடப் பாவமே! சாகப்போகிறவன் பேராவது ஊரில் நிற்கட்டும் என்று தவிக்கிறாள் போலிருக்கிறது. "சரி, எழுந்திரும்மா. பண்ணித் தரேன்" என்றார்.

அதோடு விட்டாளா? மறுநாளும் வந்து நின்றாள்.

"பீடத்துல பேரு மட்டும் போட்டா பத்தாது அண்ணாத்த. புளோ ரூம்னு போடணும். எந்த வருஷம் சேந்தாரு, எந்த வருஷம் வரைக்கும் வேலை பாத்தாரு, அதையும் வெட்டணும்."

"இன்னாம்மா இது பேஜாரு! மத்த ஏழு சிலைக்குப் பேரே கிடையாது, தெரியுமா?"

"கோச்சுக்காதீங்க. அப்புறம், மொதலாளி கையாலதான் திறக்கணும். திறந்துட்டு இவரைப் பத்தி மைக்குல ரெண்டு வார்த்தை சொல்லணும்."

கிருபாகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரும்பைப் பிழிகிற மாதிரி ஆளைப் பிழிந்து சக்கையாகத் தூக்கிப் போட்டவன் வாயாலேயே புகழ்ச்சி கேட்கிறாளே, மானம் ரோஷம் ஒன்றுமே கிடையாதா இவளுக்கு? ஆனால் அவள் விட்ட கண்ணீரைப் பார்த்துவிட்டு மறுக்கவும் மனசு வரவில்லை. அங்கேயே நின்று ரவிச்சந்திரனுக்குப் போன் போட்டார்.

"சூப்பர் ஐடியா கிருபா!" என்று குதித்தார் ரவிச்சந்திரன். "ஜனங்களுக்கு டச்சிங்கா இருக்கும், பேப்பர்லயும் வரும். அந்தம்மா கேக்கறது எல்லாத்தையும் போட்டுடு."

இரண்டு ராத்திரி தூங்காமல் உளி பிடித்தார் கிருபாகரன். சனிக்கிழமை சாயங்காலம் கண் திறந்ததும் அம்சாவைக் கூப்பிட்டுக் காட்டினார். போட்டோவில் இருந்த துரையே மூட்டையோடு எழுந்து வந்து நின்றது போலத்தான் இருந்தது. கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று அவர் தள்ளி நிற்க, அவளோ குனிந்து, பீடத்தில் 'துரை, புளோ ரூம், 1994 முதல் 2013 வரை' என்று வெட்டியிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"தூரத்துல இருந்து போட்டோ புடிச்சா எழுத்து தெரியுமா அண்ணாத்த?"

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் மேளம், சால்வை, நல்ல கூட்டம். துரையால் வர முடியவில்லை. அம்சா பக்கத்தில் ஜாய்ஸ் என்று ஒரு பெண், முதலிலிருந்தே செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கிடக்கிறவனுக்குக் காட்டத்தான் சொந்தக்காரப் பெண் யாரோ எடுக்கிறாள் என்று கிருபாகரன் நினைத்துக்கொண்டார்.

ரவிச்சந்திரன் துணியை விலக்கினார். சிலையின் தோளைத் தடவிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இது எங்க துரை அண்ணன். எங்க மில் புளோ ரூம்ல பத்தொன்பது வருஷம் உழைச்சவர். சின்னப் பையனா நான் மில்லுக்குப் போனா, பஞ்சு மூட்டை மேல என்னைத் தூக்கி உட்கார வெப்பார். இவங்கள்லாம் தூசி தின்னாங்க, நாங்க சோறு தின்னோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ரவிச்சந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை அம்சாவிடம் நீட்டினார்.

"சந்தோஷமாம்மா? நீங்களும் ஏதாவது பேசுங்க."

அம்சா ஜாய்ஸைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாம் பதிஞ்சிருக்கு" என்றாள் ஜாய்ஸ். அதற்கப்புறம்தான் அம்சா மைக்கை வாங்கினாள்.

"இதையே நாளைக்கு நஷ்டஈடு கேஸுல, கோர்ட்டுக்கு வந்து சொல்லுங்க மொதலாளி... அங்க, அப்படி ஒரு ஆளே எங்க மில்லுல வேலை செய்யலன்னு வக்கீல் நீட்டுன பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துகிறீங்களே!"