புதுப்பெண்ணுக்கு ஒரு குடம்

இன்னும் முக்கால் மணி நேரம்.

அவள் காருக்குள் முழங்கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் காலையில் ஏறிய தாலி. மடியில் வாடத் தொடங்கிய மாலை. கையில் ஒரு எலுமிச்சம்பழம். அது எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா பிடித்துக்கொள் என்றார்கள்.

விடியுமுன் மண்டபத்தில் சேலை கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பாத்ரூம் பக்கம் போகவில்லை.

போக விடவில்லை என்பதுதான் சரி.

புகுந்த வீடு பத்தடி தூரத்தில் இருந்தது. வாழைமரம் கட்டி, கதவை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே மட்டும் போகக்கூடாது. வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டது. வந்து சேர்வதற்குள் எமகண்டம் பிறந்துவிட்டது. ஒன்றரை மணிக்கு மேல்தான் புதுப்பெண் படி மிதிக்கலாம். அதுவரை காரை விட்டு இறங்கக்கூடாது. பக்கத்து வீட்டுக்குப் போகலாமா என்றால் அதற்கும் தடை. முதலில் எந்த வீட்டில் கால் வைக்கிறாளோ அந்த வீட்டுக்குப் போய்விடுவாளாம் லட்சுமி.

லட்சுமிக்கு அவசரம் என்று ஒன்று வரவே வராதா?

புருஷன் கதிரேசனிடம் காதோடு சொல்லிப் பார்த்தாள். அவனுக்குக் காது சிவந்தது. வெளியே நின்ற பெண்களைப் பார்த்தான். யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இறங்கிப் போனான்.

திரும்பி வந்தபோது கையில் இளநீர் இருந்தது.

அதை அவன் தலையிலேயே உடைக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

கார் ஜன்னலில் அவனுடைய அத்தை தெய்வானை வந்து சாய்ந்துகொண்டார். இந்த வீட்டில் சம்பிரதாயம் என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். இறங்கியதும் என்னென்ன நடக்கும் என்று விவரித்தார். முதலில் வாசலில் ஒரு குடம் தண்ணீர். பட்டுச்சேலையோடு தலையில் ஊற்றுவார்கள். பிறகு ஆலம் சுற்றுவார்கள். பிறகு வலது கால்.

தண்ணீர் என்ற சொல்லையே அவளால் தாங்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எதற்குத் தண்ணீர் என்று கேட்டாள்.

வழியில் பட்ட கண் கழியும் என்றாள் ஒருத்தி. அது கங்கை என்றாள் இன்னொருத்தி. உடம்புச் சூட்டைத் தணிக்கும், இதில் அறிவியல் இருக்கிறது என்றார் கதிரேசனின் பெரியப்பா. யார் கொண்டுவந்த வழக்கம் என்று கேட்டதற்கு மட்டும் அத்தையிடம் சரியான பதில் இருந்தது.

"உன் மாமியாதான் ஆரம்பிச்சு வச்சா. கல்யாணமாகி வந்த அன்னிக்கு அவளும் நல்ல நேரத்துக்காக இப்படித்தான் கார்ல உக்காந்திருந்தா. ரெண்டு மணி நேரம். வாயே தொறக்கல. கடைசில இறங்குனா பாரு, யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம, வாசல்ல இருந்த நிறைகுடத்தத் தூக்கித் தலையோட ஊத்திக்கிட்டா! அந்த வருசமே இவன் பொறந்தான். அதுலேருந்து நம்ம வீட்டுக்கு வர்ற மருமக எல்லாருக்கும் ஒரு குடம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாவுக்கு அன்றைக்குப் பக்தி முற்றிவிட்டது என்பதற்காக வருகிறவர்கள் எல்லாம் நனைய வேண்டுமா? இந்தச் சேலைக்காக அவளுடைய அம்மா எத்தனை கடை ஏறி இறங்கினாள். இப்படி ஒரு மாமியாரோடு காலமெல்லாம் எப்படிக் குப்பை கொட்டுவது?

மாமியார் மரகதம் அப்போதுதான் ஆலத்தட்டோடு வாசலுக்கு வந்தார். காருக்குள் பார்த்தார். முகத்தை அல்ல. இறுகிய முழங்கால்களை, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டிருந்த விரல்களை.

தட்டைக் கீழே வைத்தார்.

எல்லோரையும் பந்திக்கு விரட்டினார். போட்டோகிராபரையும் சேர்த்து. பாயசத்தில் ஏலக்காய் போட்டார்களா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி அத்தையை அனுப்பினார். தெரு காலியானதும் கார்க் கதவைத் திறந்தார். அவள் கையைப் பிடித்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

பின்வாசல் படியில் அவள் நின்றுவிட்டாள்.

காலையிலிருந்து எல்லோரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தவள்தான். ஆனாலும் எந்தக் காலை வைப்பது என்று குனிந்து பார்த்தாள். தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"எந்தக் கால்னு எவ பாக்குறா? ஓடுத்தா."

ஓடினாள்.

வெளியே வந்தபோது உலகத்தில் எல்லோரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். கதிரேசன்கூட.

மாமியார் குனிந்து அவளுடைய சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தார். நிமிராமலே சொன்னார்.

"அன்னிக்கு எனக்கு யாரும் பின்வாசலைக் காட்டல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமியார் காரை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

ஒன்றரை மணிக்கு மேளம் கொட்டியது. கூட்டம் மறுபடி வாசலில் நெருக்கியது. ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் காத்திருந்தாளே என்று பெரியப்பா மருமகளை மெச்சினார். அவள் காரிலிருந்து இறங்கி வந்து நின்றாள். தெய்வானை அத்தை நிறைகுடத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

மாமியார் குடத்தின் வாயைக் கையால் மூடினார்.

"இவளுக்கு வேண்டாம்."

ஏன், ஏன் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்டார்கள். எமகண்டம் கழித்து வருகிற பெண்ணுக்குத் தண்ணீர் ஆகாது, அதுவும் சாத்திரத்தில் இருக்கிறது என்று கடைசியில் பெரியப்பாவே தீர்ப்புச் சொன்னார். ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அத்தை குடத்தைக் கீழே இறக்கினார்.

மாமியார் அதன் மேலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை.