முதல் பெயர்

“இந்தப் பேரு இங்க எதுக்கும்மா?” என்று சிரித்தபடியே கட்டுரையின் முகப்பில் இருந்த இரண்டாவது பெயரைச் சிவப்பு மையால் அடித்தார் துறைத்தலைவர். அடிபட்டது எதிரே நின்ற விரிவுரையாளரின் பெயர்.

வேரழுகல் நோயைப் பற்றி நான்கு வருடம் வயலிலும் ஆய்வகத்திலும் கிடந்து அவள் எழுதிய கட்டுரை அது. அந்தத் துறையில் யார் எழுதினாலும் தலைவர் பெயர்தான் முதலில். ஆண்கள் எழுதினால் அவர்களுக்கு இரண்டாவது இடமாவது மிஞ்சும். பெண் எழுதினால் மகாராஜாவுக்கு அதுவும் கண்ணை உறுத்தும்.

“சார், பதவி உயர்வுக்கு இது ஒண்ணைத்தான் நம்பியிருக்கேன்.”

“பொம்பளை பேரு இருந்தா கட்டுரைக்கு வெயிட் குறையும்மா. வீட்டுக்காரர் நல்லாத்தானே சம்பாதிக்கிறாரு, உனக்கென்ன அவசரம்?”

“அப்ப ஒரு தடவை படிச்சாவது பாத்துடுங்க சார். பூஞ்சை பத்தின உங்க பழைய முடிவை...”

“என் முடிவை எனக்கே பாடம் நடத்தறியா? போம்மா, போய் அனுப்பி வை.”

வேரழுகலுக்குக் காரணம் பூஞ்சை என்று சொல்லித்தான் அவர் பெரிய மனிதரானார். அதற்கு விருது கிடைத்த அன்றோடு படிப்பதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டார். பத்திரிகை கேட்ட திருத்தங்களைக்கூட அவள் தலையிலேயே கட்டினார். கட்டுரை அவர் பெயரில் மட்டும் ஜம்மென்று வெளிவந்தது.

ஆறு மாதம் கழித்துப் பதவி உயர்வுக் குழு கூடியது. மேசைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் குழுத் தலைவருக்கு அருகில் நம் துறைத்தலைவர்.

“சொந்தமா உருப்படியா ஒரு கட்டுரை இல்லீங்க. பொம்பளைங்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் ஓடாது” என்று துறைத்தலைவர் அவளுடைய ஃபைலை மூடினார். அந்தத் துறையில் அவள் உழைத்த பதினோரு வருடமும் ஒரு நொடியில் போனது.

குழுத் தலைவர் அவர் பக்கம் திரும்பினார். “அது கிடக்கட்டும். உங்க புதுக் கட்டுரையைப் படிச்சு அசந்துட்டேன் போங்க! பூஞ்சை இல்ல, பாக்டீரியாதான் காரணம், பழைய ஆராய்ச்சி முழுக்கத் தப்புன்னு நீங்களே நிரூபிச்சிருக்கீங்களே! இந்த நேர்மை யாருக்கு வரும்? சரி, அந்த விருதை எப்ப திருப்பிக் கொடுக்கறீங்க?”

துறைத்தலைவருக்கு முகம் வெளிறிப் போனது. பதறி எழுந்தவர் அவளை நோக்கிக் கையை நீட்டினார்.

“ஐயையோ, அதை நான் எழுதலைங்க! அத்தனையும் இந்தம்மா எழுதினது!”