தட்டிக்கு இந்தப் பக்கம்

பேச்சாயி மல்லிகைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, கொழுந்தன் சடையாண்டி தன் தோட்டத்தை ஒட்டிய கிழக்கு வரப்பில் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தென்னங்கீற்றுத் தட்டிகள் அடுக்கிக் கிடந்தன.

எதற்கு என்று கேட்டாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தப்பா நெனைக்காத மதினி. விடியக்காலம் பூப்பறிக்க வந்தா, எம் பொண்டாட்டி ஒன் மொகத்துலதான் முழிக்க வேண்டியிருக்கு. எங்க செடியும் ஒன் பார்வையிலயே நிக்கிது. தாலியறுத்தவ கண்ணு ஆகாதுன்னு ஊரே சொல்லுது."

பேச்சாயிக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. செத்துப்போன அவள் புருசன் இவனுடைய கூடப்பிறந்த அண்ணன். அவர் வெட்டிய கிணற்றிலிருந்துதான் இவன் தோட்டத்துக்கும் தண்ணீர் பாய்கிறது. அந்தத் தண்ணீர் மட்டும் இவனுக்கு ஆகும் போலிருக்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் தட்டி இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சந்துகூட அவன் விடவில்லை.

பங்குனி பிறந்தது. மொட்டு வைக்கிற காலம். தட்டியை ஒட்டிய செடிகள் நெடுநெடுவென்று வளர்ந்து, இலை அகலமாகித் தளதளவென்று நின்றன. நல்லதுக்குத்தான் என்று பேச்சாயி நினைத்தாள். பிறகு புழு வந்தது. மொட்டெல்லாம் ஊதா நிறமாகக் கன்றி, ஓட்டை விழுந்து உதிர்ந்தது. டி.டி.டி. பவுடர் வாங்கித் தூவிப் பார்த்தாள். புழு அசரவில்லை.

தட்டிக்கு அந்தப் பக்கமும் இதே கதிதான். சடையாண்டி சும்மா இருப்பானா? தட்டியைத் தாண்டியும் மதினியின் கண் பாய்கிறது என்று ஊரைக் கூட்டிவிட்டான்.

பெரிய மனிதர்கள் தாடையைத் தடவி யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். பூப்பறிக்கிற வேளையில் பேச்சாயி தோட்டத்தில் கால் வைக்கக் கூடாதாம். வெயில் ஏறிய பிறகு தாராளமாக வரலாமாம். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை நிலக்கோட்டைப் பூச்சந்தையில் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். இருட்டோடு பறித்து முதல் பஸ்ஸில் ஏற்றினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். அந்த அடுப்பில்தான் கூட்டமாக உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிவிட்டார்கள்.

பேச்சாயி அழவில்லை. விவரம் தெரிந்தவர் ஒருத்தர் வந்து செடியைப் பார்க்கட்டும், அப்புறம் உங்கள் தீர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, நேரே பிளாக் ஆபீசுக்குப் போனாள். பயிர்பச்சைக்கு யோசனை சொல்லும் கிராம சேவக் ஞானராஜைக் கையோடு அழைத்து வந்தாள். ஊரும் வேடிக்கை பார்க்கத் தோட்டத்துக்கு வந்தது.

ஞானராஜ் தட்டி ஓரத்துச் செடியில் ஓர் இலையும், நடுத்தோட்டத்தில் ஓர் இலையும் பறித்து, சடையாண்டியிடம் கொடுத்துக் கசக்கச் சொன்னார். வெயிலில் நின்ற இலை தடிப்பாக, விறைப்பாக இருந்தது. தட்டி ஓரத்து இலை கீரை மாதிரி கையோடு துவண்டது.

"வெயில் பட்டாத்தான் செடிக்குத் தெம்பு. இலை தடிக்கும், புழுவுக்குப் பிடிக்காத கசப்பு உள்ளே ஊறும். வெயிலை மறைச்சிட்டா, வெளிச்சத்தைத் தேடி வளர்றதுக்கே சத்தெல்லாம் போயிரும். புழுவை எதிர்க்க அதுகிட்ட ஒண்ணும் மிஞ்சாது" என்றார் ஞானராஜ். "காலை வெயில் இந்தம்மாவுக்கு இல்ல. சாயங்கால வெயில் உங்களுக்கு இல்ல. ரெண்டு தோட்டத்துக்கும் புழுவைக் கூப்பிட்டு விருந்து வச்சது இந்தத் தட்டிதான்."

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். தட்டியைப் பிரித்துவிடச் சொன்னார் ஒரு பெரியவர். சடையாண்டி அசடு வழிய முன்னால் வந்தான்.

பேச்சாயி அவனை விலக்கிவிட்டுத் தானே கீற்றைப் பிடித்து இழுத்தாள். கை கிழிந்து ரத்தம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

"ஏலே சடையாண்டி, ஒங்கண்ணன் காய்ச்சல்ல செத்தாரு. அதுக்கு எங் கண்ணு என்னடா பண்ணுச்சு? இது சாமி குடுத்த கண்ணு. இதுல நல்ல கண்ணு, கெட்ட கண்ணுன்னு பிரிக்க நீ யாரு? ஒரு பொம்பளைகிட்ட இல்லாததச் சொல்லிக்காட்டி அவள ஒதுக்கி வைக்கிறவன் மனுசனாடா?"

சடையாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தட்டி முழுவதும் தரையில் விழுந்ததும் வெயில் செடிகளின்மேல் பளீரென்று அடித்தது. ஞானராஜுக்கே மனசு நிறைந்துபோயிற்று. இப்படி ஒரு பெண்ணை இந்தப் பக்கத்தில் அவர் பார்த்ததில்லை.

வந்ததே வந்தோம், மிச்சத் தோட்டத்தையும் பார்த்துவிடலாம் என்று கிணற்றைத் தாண்டி மேற்குக் கடைசிக்கு நடந்தார். அங்கேயும் செடிகள் நெடுநெடுவென்று நின்றன. மொட்டுகள் ஊதாவாகக் கன்றியிருந்தன. வரப்பை மறைத்துக்கொண்டு ஒரு கீற்றுத் தட்டி.

"இதையும் உங்க கொழுந்தன்தான் கட்டினாரா? பிரிச்சிரலாம்மா" என்று ஞானராஜ் கம்பில் கை வைத்தார்.

பேச்சாயி ஓடிவந்து அவர் கையைத் தடுத்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது நான் கட்டுனது ஐயா, இருக்கட்டும். நாலு செடி போனாப் போகுது. அந்தப் பக்கம் பூப்பறிக்கிற மூக்காயி பிள்ளை பெறாதவ. அவ பார்வை பட்டா எந் தோட்டம் தாங்குமா?"