ஒரே ஒரு சீட்

"வந்துட்டாருய்யா, அறுவை கேஸு!"

கார் மியூசியத்து செக்யூரிட்டி சக்திவேல் பல்லைக் கடித்தான்.

சனிக்கிழமையானால் இதே கூத்துதான். பெரியவர் தினகரன் நேராகப் போய் அந்தச் சிவப்பு ரேஸ் கார் பக்கத்தில் நின்றுகொள்வார். ஒரு கம்பெனி சோதனைக்காக ஒன்றே ஒன்று செய்து பார்த்து, அப்படியே கைவிட்ட கார். வருகிறவர்களை எல்லாம் பிடித்துக்கொள்வார்.

"இன்ஜினை முன்னால தேடாதீங்க தம்பி. டிரைவர் முதுகுக்குப் பின்னால இருக்கு. எடை நடுவுல இருந்தா, வளைவுல வண்டி சொன்ன பேச்சைக் கேக்கும். நாங்கள்லாம் சேர்ந்து செஞ்சது!"

"ஓகே அங்கிள்." பையன்கள் நழுவினார்கள்.

ஒரு அம்மாள் மட்டும் நின்றாள். போன வாரமும் நின்றவள்தான்.

"ஓடும்போது ரொம்பச் சத்தம் கேக்குமா சார்?"

பெரியவர் முகம் மலர்ந்தது. "நல்லாக் கேட்டீங்கம்மா! முதுகுல இடி இறங்கற மாதிரி இருக்கும். பக்கத்துல ஆள் இருந்தாலும் பேச முடியாது. நல்லவேளை, ஒரே ஒரு சீட்!"

சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அவர் தண்ணீர் குடிக்க நகர்ந்ததும் சக்திவேல் அவளிடம் வந்தான்.

"இன்னாம்மா, போன வாரமும் இதையேதானே கேட்டீங்க? அவரு வுடறது எல்லாம் புளுகு. அந்தக் கம்பெனில கணக்கு எழுதிக்கினு இருந்தவரு. காரைத் தொட்டதுகூட இல்ல."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா? ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, தொந்தரவு பண்றாருன்னு. பார்வையாளருங்க சொன்னாத்தான் எடுபடும். அடுத்த வாரம் கேட்டுலயே நிறுத்திடுறேன்."

அவள் பதறிப்போனாள். "ஐயோ, அப்படி மட்டும் பண்ணிடாதேப்பா!"

"உங்களுக்கு இன்னாம்மா அவரு மேல இவ்ளோ அக்கறை?"

"என் வீட்டுக்காரர்."

சக்திவேல் விழித்தான். "அப்போ வூட்லயே கேக்கலாமே? இதுக்குன்னு தனியா பஸ் ஏறி வரணுமா?"

அவள் கார் பக்கம் பார்த்தாள். பெரியவர் திரும்பி வந்து, ஆள் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"செம்பாக்கத்துல நாங்க ரெண்டே பேர்தான் தம்பி. ரிடையரானதுலேர்ந்து வீட்ல வாயே திறக்கறதில்ல. இங்க வந்து, யாரோ மாதிரி நின்னு, 'சார்'னு கூப்பிட்டாத்தான் என்கிட்ட பேசறார்."