வேகத்துக்கு ஓர் எழுத்து

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்ப்பா. உன்னாலதான் கம்பெனி பேரே கெட்டுப்போச்சு."

கூரியர் ஆபீஸ் வாசலில், அத்தனை விருந்தாளிகள் முன்னாலும் முதலாளி டிரைவரிடம் இப்படிச் சொல்லிவிட்டார். போயும் போயும் புது லோகோ திறக்கிற நாளிலா?

"லேட்டாகுறதுக்கு நான் என்ன சார் பண்றது? மேடு கண்டா வேன் நின்னுடுது. இன்ஜினைப் பாருங்கன்னு எவ்வளவு நாளா கரடியா கத்துறேன்!"

"கத்தத் தெரியுது, ஓட்டத் தெரியலையே. எல்லாம் உன் சோம்பேறித்தனம். வண்டி மேல பழி போடாதே."

இன்ஜினைப் பார்க்க முதலாளிக்கு ஏது நேரம்? மாதக்கணக்கில் அவர் லோகோவுக்கான எழுத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார். பார்சல் தாமதமாகப் போவதாக மக்கள் நினைப்பதற்குப் பழைய லோகோதான் காரணம் என்று, லோகோ வரைய வந்த டிசைனர் கண்டுபிடித்துவிட்டார். வண்டிக்கு ஒதுக்கிய பணம் எழுத்துக்குப் போயிற்று.

அந்த டிசைனர் மகான் இப்போதும் சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பேரு ஸ்லாப் செரிஃப் இட்டாலிக். ஒவ்வொரு எழுத்து முனையிலயும் செங்கல் மாதிரி தடியா ஒரு கட்டை இருக்கு பாருங்க, அது உறுதி. எழுத்து மொத்தமா வலது பக்கம் சாஞ்சிருக்கே, அது வேகம். விளையாட்டு பனியன், பத்திரிகைத் தலைப்பு, கடை போர்டு, எங்க போட்டாலும் எடுப்பா இருக்கும். பார்த்தாலே ஓடுற மாதிரி இல்ல?"

"எழுத்து ஓடும், சரி. வேன்?" என்று பார்சல் புக்கிங் கவுன்டர் அக்கா முணுமுணுத்தது, நல்லவேளை, யார் காதிலும் விழவில்லை.

டிரைவர் விடுவதாக இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். ரோஷம் பார்த்தால் அடுப்பு எரியாது.

"சார், வாசல்ல மாட்டுற போர்டு இன்னும் வரலையே. எங்க இருக்குன்னு சொல்லுங்க, வேனைத் தள்ளிக்கிட்டாவது போய் எடுத்துட்டு வந்துடறேன். இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க சார்."

"உன்னை நம்பினா திறப்பு விழா அடுத்த மாசம்தான். போர்டு தானா வரும். நீ கிளம்பு."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. எதிர்த்தெருப் போட்டிக் கம்பெனியின் கூரியர் வேன். அதன் பெயர் சாயவும் இல்லை, முனையில் கட்டையும் இல்லை. பெயின்ட் உரிந்த வெறும் எழுத்து.

அதிலிருந்து இறங்கியவன் ஆளுயரப் பார்சல் ஒன்றைச் சுமந்து வந்து சுவரோரம் நிறுத்தினான். கிழிந்த உறைக்குள்ளிருந்து புது எழுத்து தடியாக எட்டிப் பார்த்தது.

முதலாளி அவனை அவசரமாக ஓரங்கட்டப் பார்த்தார். அவனோ யூனிபாரத்தில் நின்ற டிரைவரிடம் சீட்டை நீட்டினான்.

"ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. நேரத்துக்கு வந்துட்டேனா? ‘எங்க வண்டி மேடு ஏறாது, டிரைவர் பாவம் என்ன பண்ணுவான், நீங்கதான் கொண்டுவந்து சேர்க்கணும்’னு உங்க முதலாளி நேத்து நேர்லயே வந்து கெஞ்சிட்டுப் போனாருண்ணே!"